கட்டைவிரல் தராசு

குனிந்து, நோயாளியின் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை அழுத்தி எடுத்து, விழுந்த குழி நிரம்பும்வரை வாய்க்குள் எண்ணுகிறார் சிஸ்டர். நான்குக்குள் நிரம்பினால் "சமத்து" என்பார். பத்தைத் தாண்டினால் நிமிர்ந்து பார்ப்பார், அவ்வளவுதான். எவ்வளவு தண்ணீர் குடித்தார்கள், யாருக்குத் தெரியாமல் குடித்தார்கள் என்று அவர்களே ஒப்பித்துவிடுவார்கள்.

சிறுநீரகம் கைவிட்டவர்களின் ரத்தத்தை இயந்திரத்தில் சுத்தம் செய்யும் கூடம் அது. எட்டு நாற்காலி, எட்டு இயந்திரம், இரண்டு நர்ஸ். இந்தக் கணக்கைப் போட்ட அதிகாரி ஒரு நாள் இங்கே வந்து ஓடிப் பார்க்கட்டும். வாரத்துக்கு மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம் கையில் ஊசியோடு உட்கார வேண்டும். இடைப்பட்ட நாளில் குடித்த தண்ணீர் வெளியேற வழியில்லை. காலில் தேங்கும், எடையில் ஏறும், மிஞ்சினால் நெஞ்சை அடைக்கும். அதனால் அவர்களுக்கு எல்லாம் அளந்த தண்ணீர்தான்.

சிஸ்டருக்கு இயந்திரங்கள் எட்டும் நாத்தனார்கள். ஒன்று கூவினால், "வரேன்டி, மானத்தை வாங்காதே" என்றபடி ஓடுவார். ஊசி குத்துமுன் நோயாளியின் கையில் காதை வைத்து ரத்த ஓட்டத்தின் இரைச்சலைக் கேட்பார். "வண்டி ஓடுது. கிளம்பலாம்." வெளியிலும் விரல் சும்மா இருக்காது. ஒருமுறை பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரியின் வீங்கிய காலை அமுக்கிவிட்டு, அடி விழாமல் தப்பினார். அந்த அம்மாள் மறுவாரமே பரிசோதனைச் சீட்டும் கையுமாக வந்து நின்றாள்.

கூடத்துக்குள் அவர் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கமாட்டார். "எட்டுப் பேரு நாக்கு வறண்டு கிடக்கும்போது நான் மடக் மடக்னு குடிச்சா, அது மனுஷத்தனமா?" பாட்டில் சாமான் அறையில், பெட்டிகளுக்குப் பின்னால் இருக்கும். அங்கே போக நேரம் வேண்டுமே. இருபது வருடம் இப்படியே ஓடி, போன வாரம் அவருடைய சிறுநீரகத்திலேயே கல் அடைத்துக்கொண்டது. ஒரு வாரம் படுக்கை. தினமும் மூன்று லிட்டர் குடிக்கச் சொன்னார் டாக்டர். செய்தி கேட்டுக் கூடமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

இன்றுதான் வேலைக்குத் திரும்பினார். மூன்றாம் நாற்காலிக்காரர், இருபத்தொன்பது வருடம் பேருந்து ஓட்டிய டிரைவர், கைத்தடியோடு எடை மேடையில் ஏறி நின்றார். மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. ரயிலில் ஒன்பது மணி நேரப் பயணம். தொடர்ந்து நான்கு முறை எடை இரண்டு கிலோவுக்குள் கூடினால், அந்த ஊரில் சிகிச்சைக்குக் கடிதம் தருவதாக டாக்டர் சொல்லியிருந்தார். போன வாரம் மூன்றும் தேறிவிட்டது. இது நான்காவது.

"பாத்துக்கங்க சிஸ்டர். ஒன்றரை கிலோதான். டிக்கெட் போட்டுடலாமா?"

சிஸ்டர் குனிந்து அமுக்கினார். எண்ணிக்கை பதினான்கில் நின்றது.

"அண்ணே, தராசு ஒன்னு சொல்லுது, உங்க கால் வேற சொல்லுதே."

"காலுக்கு வயசாயிடுச்சு. அது பேச்சைக் கேக்காதீங்க."

சிஸ்டர் மேடையை ஒரு சுற்றுச் சுற்றினார். கைத்தடி மேடைக்கு வெளியே, தரையில் ஊன்றியிருந்தது. பிரேக்கைப் பதமாக மிதித்துப் பழகியவர், அதே பதத்தில் அதன்மேல் சாய்ந்திருந்தார். சிஸ்டர் தடியை வாங்கிக்கொண்டார். எண் ஏறி நின்றது. கூடியிருந்தது மூன்று கிலோ நானூறு.

"போன வாரம் மூணு தடவையும் இதே வித்தைதான்" என்றார் நான்காம் நாற்காலி டீச்சர்.

"காட்டிக் குடுத்துட்டீங்களே டீச்சர்."

"திருட்டுத்தனமா சப்பின ஐஸ்கட்டியில எனக்குப் பங்கு குடுத்தீங்களா?"

டிரைவர் குரலைத் தாழ்த்தினார். "பேத்தி பொறந்து நாப்பது நாளாச்சு. போன்லதான் மூஞ்சியைப் பாக்கறேன். இந்த ஒரு தடவை ஒன்றரைன்னே எழுதுங்கம்மா."

"நடுவழியில மூச்சு முட்டினா என்ன பண்ணுவீங்க? சங்கிலியைப் பிடிச்சு இழுப்பீங்களா? ரயில் நிக்கும். நெஞ்சுல இருக்கற தண்ணி வடியுமா?" மூன்று நானூறு என்றே எழுதினார். போன வாரத்து மூன்றையும் கோடிட்டு அடித்தார். "ஒன்னுல இருந்து ஆரம்பிங்க. பத்து நாள்ல முடிஞ்சிடும். அதுக்குள்ள உங்க பேத்தி காலேஜுக்குப் போயிடமாட்டா."

டிரைவர் இரண்டு மணி நேரம் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு கிடந்தார். மூன்றாவது மணியில் கெண்டைக்காலில் பிடிப்பு வந்து அலறினார். சிஸ்டர் ஓடிவந்து இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்தார். காலைப் பிடித்து நீவிவிட்டார். நிமிரும்போது விலாவில் சுருக்கென்றது. இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தண்ணி குடிச்சீங்களா?" என்றார் டிரைவர்.

"குடிக்கணும்."

"காலைலேந்து அந்த ரூம் பக்கமே நீங்க போகலை. நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். என் காலை நீங்க அமுக்கறீங்க, உங்களை யாரு அமுக்கறது? பாட்டிலை இங்க கொண்டாங்க. நீங்க ஒழுங்கா குடிச்சா, நான் ஒழுங்கா குடிக்காம இருக்கேன்."

சிஸ்டர் பாட்டிலோடு வந்தார். மூடியைத் திருகினார். எட்டு ஜோடிக் கண்கள். கை அப்படியே நின்றது.

டிரைவர் ஊசியில்லாத கையால் போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டார். அடுத்து டீச்சர். பிறகு ஒவ்வொருவராக எட்டுப் போர்வைகளும் ஏறின. முதல் மடக்குச் சத்தம் கேட்டதும், மூன்றாம் நாற்காலிப் போர்வைக்குள்ளிருந்து டிரைவர் எண்ண ஆரம்பித்தார்.

"ஒன்னு... ரெண்டு..."