சிவப்புக் கம்பளமும் ஒரு டம்ளர் காப்பியும்

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றி முடிந்த பிறகும் என் வீட்டுக்காரிக்குப் பாதத்தில் ஒரு கோளாறு மிச்சம் நின்றது. தரை கொஞ்சம் குளிர்ந்தால் போதும், ஊசி குத்துகிற மாதிரி வலிக்கும். எங்கள் பாளையங்கோட்டை வீடு முழுக்க டைல்ஸ். மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். செருப்புப் போட்டு நட என்றால், "வீட்டுக்குள்ள செருப்பா? நான் என்ன துரைசானியா?" என்பாள்.

நான் முன்கோபி. நேரே கடைக்குப் போய்க் கால் புதைகிற கனத்தில் ஒரு கம்பளம் வாங்கிவந்து, சுவரோரம் ஒரு முழம் விட்டு ஹால் முழுக்க விரித்துவிட்டேன்.

சிவப்பு வாங்கியதுதான் என் மடத்தனம். எங்கள் கிறிஸ்தவ சபைக் கோயிலில் வாசலிலிருந்து ஆல்டர் என்கிற பீடம் வரை சிவப்புக் கம்பளம்தான். கல்யாணத்துக்குப் பொண்ணு மாப்பிள்ளை நடக்கலாம், ஆராதனைக்குப் பாதிரியார் ஐயர் நடக்கலாம். மற்றவர்கள் கால் வைத்தால் பெரியவர்கள் பார்வையாலேயே பொசுக்கிவிடுவார்கள். வீட்டிலும் பாய், ஜமுக்காளம் எல்லாம் உட்காரத்தான், படுக்கத்தான். மிதிப்பதற்கென்றே ஒரு விரிப்பு அந்தக் காலத்து மிஷன் பங்களாக்களில் கிடந்ததாம், கேள்விப்பட்டதோடு சரி. ஓரமாக நடந்தே பழகிய ஜனம் நாங்கள்.

அவளும் ஓரமாகவே நடந்தாள். அந்த ஒரு முழ டைல்ஸில், சுவரைப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு.

"ஏளா, உனக்குத்தான வாங்கினேன். மிதிச்சு நடயேன்."

"அழுக்காயிரும்லா. இவ்வளவு அழகா இருக்கு, மிதிக்க மனசு வரலியே."

ஒரு வாரம் கெஞ்சினேன், ஏசினேன். ஒன்றும் நடக்கவில்லை.

அன்று காலை எனக்குக் காப்பியைக் கொடுத்துவிட்டுத் திரும்பியவள், பாதி வழியில் வலி தாங்காமல் ஒற்றைக்காலில் நின்றாள். அவள் முடி கொட்டியபோதுகூட நான் அப்படிக் கலங்கவில்லை. டம்ளரோடு நடு ஹாலுக்குப் போய், காப்பி மொத்தத்தையும் கம்பளத்தில் ஊற்றினேன்.

"அட பாவி மனுசா" என்று துண்டோடு ஓடி வந்து உட்கார்ந்து துடைத்தாள். "வேணும்னுதான ஊத்துனிய?"

"ஆமா."

"கிறுக்கா பிடிச்சிருக்கு உங்களுக்கு?"

"ஆமா."

துடைக்கத் துடைக்கக் கறை பரவியதே தவிரப் போகவில்லை. ஏச்சும் மெல்லக் குறைந்தது. பைய எழுந்து நின்றாள். ஒரு காலை அழுத்திப் பார்த்தாள், பிறகு மற்றதை.

"இங்கன வலிக்கலியே" என்றாள்.

துண்டை என் தோளில் போட்டுவிட்டு, கம்பளத்தின் நடுவாகவே நடந்து அடுப்பங்கரைக்குப் போனாள், எனக்கு வேறு காப்பி போட.