பித்தளை டோக்கனும் பேனாக்காரரும்

அறுபதுகளில் செஞ்சியில் ஒரு பாங்கில் காஷியராகச் சேர்ந்தேன். இப்போது ஏ.டி.எம். வாசலில் உதவி செய்கிறேன் என்று வந்து கார்டை மாற்றிக்கொண்டு போகிறார்களே, அந்த வித்தை அப்போதே உண்டு. அன்று மாறியது டோக்கன்.

பணம் எடுக்க வருபவர் படிவத்தைக் கொடுத்ததும் கிளார்க் ஒரு பித்தளை டோக்கன் தருவார். கம்பி வலைக்குள்ளிருந்து அந்த எண்ணை நான் கூப்பிடுவேன். டோக்கனை நீட்டுபவருக்குப் பணம்.

ஒருநாள் பதினேழைக் கூப்பிட்டேன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் வந்தார்.

"பேரு?"

"சவரிமுத்து சார். வல்லம்." தயங்கவே இல்லை.

முந்நூறு ரூபாய். நோட்டுகளைத் தள்ளப் போனபோதுதான் அவருடைய சட்டைப் பையைக் கவனித்தேன். பளபளவென்று ஒரு பேனா. படிவத்திலோ கைநாட்டு.

"பேனா வச்சிருக்கீங்க, கைநாட்டு எதுக்கு வெச்சீங்க?"

"அது... அவசரத்துல சார்."

அவசரத்துக்குக் கைநாட்டு வைத்த மனிதரை அன்றுதான் பார்த்தேன். கட்டைவிரலைக் காட்டச் சொன்னேன். துளி மை இல்லை. நோட்டுகளை இழுத்துக்கொண்டு, "சவரிமுத்து யாருங்க?" என்று கத்தினேன்.

சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்த ஒருவர் பதறிக்கொண்டு ஓடிவந்தார். விரலெல்லாம் மை. கையில் இருந்ததோ வேறு டோக்கன். அது வெள்ளைச் சட்டை தன் கணக்கில் ஐந்து ரூபாய் எடுப்பதற்காக வாங்கியது. சவரிமுத்துவுக்குப் படிவம் எழுதிக் கொடுத்தவரும் அவர்தான். நம்பரைப் பார்த்துச் சொல்கிறேன் என்று டோக்கனை வாங்கி மாற்றிவிட்டார். நைசாக நழுவியவரை வாசலில் வாட்ச்மேன் பிடித்துக்கொண்டார்.

"உழவு மாடு ஒண்ணு செத்துப்போச்சு சார். இன்னிக்கு மாடு வாங்கலன்னா ஈரம் காஞ்சிடும், மல்லாட்டை வெதைக்க முடியாது" என்றார் சவரிமுத்து. மல்லாட்டை என்றால் எங்கள் பக்கத்தில் வேர்க்கடலை. பணத்தை அவர் மடியில் முடிந்துகொண்ட பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. அப்படி ஒரு நிம்மதியை அதற்குப் பிறகு பிரமோஷன் வந்தபோதுகூட நான் அனுபவிக்கவில்லை.

மானேஜர் சவரிமுத்து மேல் எரிந்து விழுந்தார். "முன்ன பின்ன தெரியாதவன்கிட்ட டோக்கன ஏன்யா குடுத்த?"

"இன்னா சார் பண்றது? உள்ள வந்ததுல இருந்து 'வாங்க பெரியவரே, இன்னா வேணும்?'னு கேட்டவரு அவரு ஒருத்தருதான்."



பாங்கில் புதிதாகச் சேரும் பிள்ளைகளே, எச்சரிக்கை போர்டு வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் உள்ளே வருபவரிடம் என்ன வேண்டும் என்று திருடன் கேட்பதற்கு முன்னால் நீங்கள் கேட்டுவிடுங்கள்.