மாட்டுக்கொட்டகையில் ஒரு மோட்டார்

இன்று கோயில் வாசலில் கற்பூரத்தோடு பெட்ரோல் வாசனையும் கலந்து வீசியதும், ரங்கூனில் லான்மடாவ் பேட்டையில் இருந்த எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டகைக்கே மனம் போய்விட்டது. வேகம் கூடவேண்டுமென்று சித்தப்பாவும் பக்கத்து வீட்டுப் பர்மியர் கோ மியாவும் பழைய மோட்டார் ஒன்றின் கூரை, கதவு, ஆசனம் எல்லாவற்றையும் கழற்றி, எது எதைச் சுழற்றுகிறதென்று நான் எட்டி எட்டிப் பார்க்க, மாதக்கணக்காகத் தட்டிக்கொண்டிருந்தார்கள். பசு வெளியே மழையில் நனைந்தது.

"இன்னிக்கு ஓடலேன்னா கொட்டகையைக் காலி பண்ணுங்க தம்பி," என்றாள் அம்மா ஒருநாள்.

சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி முருகனை வேண்டிக்கொண்டோம். கோ மியா கைப்பிடியைச் சுழற்றச் சுழற்ற இருமிக்கொண்டேயிருந்த எந்திரம் திடீரென்று உறுமியது.

"ஏறுங்க அண்ணி!" என்றார் சித்தப்பா.

ஆசனத்துக்குப் பதிலாக வைத்த அரிசிப் பெட்டிமேல் உட்கார்ந்து, என்னை மடியில் இறுக்கிக்கொண்ட அம்மா, தெருமுனை தாண்டியதும் கேட்டாள்:

"இவ்வளவுதானா வேகம்? பசுவுக்கு வேற கொட்டகை போட்டுக்கலாம் தம்பி, இன்னும் எதையாவது கழட்டிப் பாருங்க."