பேப்பரில் போட்ட டாலர் ரேட்

சொன்ன விலைக்கு ஒரு சாமான் வாங்கிப் பழக்கமில்லாதவள் சொர்ணலட்சுமி. சிவகாசியில் அவளும் கணவர் முத்துக்கிருஷ்ணனும் சின்னதாக ஓர் அச்சகம் நடத்தினார்கள். பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள், சீசனுக்குக் காலண்டர். மெஷின் அவர் பொறுப்பு. கம்ப்யூட்டரும் கொள்முதலும் இவள் பொறுப்பு. மை விற்க வருகிறவர்கள் இவளிடம் விலை சொல்லும் முன் ஒரு செம்பு தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிப்பார்கள்.

2008 தொடக்கத்தில் பக்கத்து ஊரான விஸ்வநத்தத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்று ஒரு லோடு லேபிளைத் திருப்பி அனுப்பிவிட்டது. அவர்கள் கேட்ட சிவப்பு வேறு, இவர்கள் அடித்த சிவப்பு வேறாம். இனி ஒவ்வொரு நிறத்துக்கும் நம்பர் போட்ட கலர் புத்தகத்தைப் பார்த்துத்தான் அடிக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். அந்தப் புத்தகத்துக்கு மும்பை வியாபாரி ஒன்பதாயிரம் கேட்டார். அரை மணி நேரம் போனில் பேசியும் பத்து ரூபாய் இறங்கவில்லை.

சொர்ணலட்சுமி இன்டர்நெட்டில் தேடினாள். அமெரிக்கக் கடை ஒன்றில் அனுப்பும் செலவோடு நூற்றைம்பது டாலர்தான். அன்றைய பேப்பரில் டாலர் முப்பத்தொன்பது ரூபாய் நாற்பது காசு. கால்குலேட்டரைத் தட்டினாள்.

"ஐயாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்து! மூவாயிரம் மிச்சங்க!"

"பேரம் பேசாம வாங்கப் போற. ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்றார் முத்துக்கிருஷ்ணன்.

கார்டு நம்பரைப் போட்டதும், கடைசித் திரையில், டாலரில் கட்டுகிறீர்களா, ரூபாயில் கட்டுகிறீர்களா என்று கேட்டது. அவளுக்கு மனம் பூரித்துப்போனது. "பாத்தீகளா, நமக்காக ரூவாயிலயே வாங்கிக்கிறானாம். மட்டு மரியாத தெரிஞ்ச ஆளு." மவுஸை நகர்த்தி ரூபாயில் அமுக்கினாள். அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருந்த தொகையை அந்தச் சந்தோஷத்தில் அவள் பார்க்கவில்லை.

மூன்று வாரத்தில் புத்தகம் வந்தது. நான்காவது வாரம் கார்டு பில் வந்தது. முதல் வரியில் ஆறாயிரத்து இருநூற்று எண்பத்தைந்து. அடுத்த வரியில் இருநூற்று இருபது. அதற்கும் கீழே இருபத்தேழு. மொத்தம் ஆறாயிரத்து ஐந்நூற்று முப்பத்திரண்டு.

பில்லையும் டாலர் ரேட் போட்ட அந்தப் பேப்பரையும் தூக்கிக்கொண்டு பேங்குக்குப் போனாள். அதிகாரி அய்யாதுரை அவர்களுக்குப் பழக்கமானவர்தான்.

"வாங்கக்கா, உக்காருங்க."

"உக்கார வரல. நான் போட்ட கணக்குக்கு மேல அறுநூத்தி இருவத்திரெண்டு ரூவாய எவனோ எடுத்திருக்கான் தம்பி. யாரு?"

அய்யாதுரை பில்லைப் பார்த்தார். "நீங்க ரூவாயில கட்டுறேன்னு அமுக்கினீகளா?"

"ஆமா."

"அங்கனதான் விசயம். டாலர ரூவாயா மாத்துற வேலைய அந்தக் கடைக்காரங்க கையில குடுத்துட்டீக. அவுக டாலருக்கு நாப்பத்தொண்ணே முக்காலுக்கும் மேல வச்சுக் கணக்குப் போட்டிருக்காக. டாலர்னு அமுக்கியிருந்தா எங்க பேங்கு இதவிடக் கம்மி ரேட்டுல மாத்தியிருக்கும்."

"சரி, அந்த எரநூத்தி இருவது?"

"கட வெளிநாட்டுல இருக்குல்ல, அதுக்கு எங்க பேங்கு கமிஷன், நூத்துக்கு மூணரை. ரூவாயில கட்டினாலும் உண்டு. இருவத்தேழு ரூவா அந்தக் கமிஷனுக்கு வரி."

"அப்ப பேப்பர்ல போட்டிருக்கிற ரேட்டு?"

"அது பேங்குக்குப் பேங்கு கோடிக்கணக்குல வாங்கி விக்கிற ரேட்டு, அக்கா. நூத்தம்பது டாலருக்கு யாரும் தர மாட்டாக. நீங்க ஆயிரம் காலண்டர் எடுக்கிறவருக்கு என்ன வெலை போடுவீக?"

"பதினோரு ரூவா."

"ஒத்தைக் காலண்டர் கேட்டு வந்தா?"

"இருவத்தஞ்சு" என்றாள் சொர்ணலட்சுமி. தன் தொழில் தந்திரத்தைத் தன் தலையிலேயே யாரோ கட்டிவிட்டார்கள் என்பது விளங்கிவிட்டது. இருந்தாலும் வெறுங்கையோடு திரும்ப மனமில்லை.

"எரநூத்தி இருவதுல ஒரு நூறாவது கொறைங்க தம்பி."

"அது கம்ப்யூட்டர் போடுறது, அக்கா. எங் கையில இல்ல."

வாழ்க்கையில் முதன்முறையாகப் பேரத்தில் இரண்டாவது தொகை சொல்லாமல் கிளம்பினாள்.

புத்தகம் என்னவோ நல்ல புத்தகம். விஸ்வநத்தம் லேபிள் இம்முறை அச்சு அசலாக ஒத்துப்போனது. அடுத்த தெரு அச்சகக்காரர் நாகையா அதைக் கேள்விப்பட்டுத் தனக்கும் ஒன்று வேண்டுமென்று வந்தார். சொர்ணலட்சுமி பக்கத்தில் உட்கார்ந்து, கடைசித் திரையில் அவர் கை ரூபாய்ப் பக்கம் போனபோது தட்டிவிட்டாள்.

"டாலர அமுக்குங்கண்ணாச்சி! பேங்குக் கமிஷன் எப்படியும் விழும், கடைக்காரனுக்கும் எதுக்கு அழணும்?"

கமிஷன், வரி எல்லாம் சேர்த்தும் நாகையாவின் பில் ஆறாயிரத்து இருநூற்றைந்தில் நின்றது. அவர் ஒரு கிலோ அல்வாவோடு வந்து நன்றி சொல்லிவிட்டுப் போனார். தன்னைவிட முந்நூற்றிருபத்தேழு ரூபாய் குறைவாக அதே புத்தகத்தை ஒருவர் வாங்கிவிட்டார் என்ற நினைப்பில், சொர்ணலட்சுமிக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அல்வா முழுவதையும் முத்துக்கிருஷ்ணன் சாப்பிட்டார்.