அம்மா மனப்பாடம் செய்த ஸ்டேஷன்கள்

உதியன்குளங்கரை தாண்டும்போது பையை இடது தோளுக்கு மாற்றினேன். பம்பாயில் எட்டு நாள் உடுத்துவதற்கான துணி அதில் இருந்தது. புதுச் சட்டை ஒன்றும் உண்டு. பாறசாலையில் எங்கள் வீடு பூட்டிக் கிடந்தது. நான் வடக்கே அமரவிளையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். அங்கே எனக்கு யாரும் இல்லை. வடக்கே போகிற ரோடு அது, அவ்வளவுதான்.

எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவன் நான். ஊர் ஊராகச் சுற்றி, கடைசி நான்கு வருடம் பம்பாயில் மாதுங்காவில் ஒரு டீக்கடையில் கிளாஸ் கழுவினேன். தலையில் சிரங்கு வந்து, மொட்டை அடித்துக்கொண்டு ஊருக்குத் திரும்பினேன். மொட்டையைப் பார்த்ததும் ஊர் முடிவு செய்துவிட்டது, ஜெயிலில் இருந்து வருகிறான் என்று. அண்ணனும் நம்பினான். அம்மா எதுவும் கேட்கவில்லை. கேட்காததுதான் எனக்கு உறுத்தல்.

அதனால்தான் தங்கச்சிக்குப் பம்பாய் பக்கத்தில் தானேயில் ஒரு பையன் அமைந்து, எல்லோரும் போய் வீடு பார்த்து அப்படியே பம்பாயையும் சுற்றி வரலாம் என்று அண்ணன் சொன்னபோது எனக்குத் தூக்கம் போனது. அம்மாவை அந்த டீக்கடையில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். முதலாளி அவர் வாயால் சொல்ல வேண்டும், இவன் இங்கேதான் வேலைக்கு நின்றான் என்று. எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

போகும் ஐந்து பேரில் பம்பாயைப் பார்த்தவன் நான் மட்டும்தான். காலண்டர் தாளின் பின்னால் எல்லாம் எழுதிக் கொடுத்தேன். கல்யாணிலேயே இறங்கிவிட வேண்டும், லோக்கல் வண்டியில் பெண்கள் பெட்டி எங்கே நிற்கும், மூன்று நாளைக்குக் கெடாத சாப்பாடு என்ன கொண்டுபோகலாம், அங்கே எதைக் கடையில் வாங்கவே கூடாது. அண்ணன் அதை அவனுடைய டைரியில் திருத்தமாக எழுதிக்கொண்டான். என் கையெழுத்து மோசம் என்பதால் என்று நினைத்தேன்.

அம்மா இந்தியில் விலை கேட்டுப் பழகினாள். கடைக்காரன் நான். மரச்சீனிக் கிழங்கைத் தோலுரித்துக்கொண்டே, "கித்னா?" என்பாள்.

"அம்பது ரூவா."

"ஒரு சீப்பு பழத்துக்கா? வேண்டாம் மக்கா, நம்ம குலைய வெட்டிக் கொண்டு போலாம்."

"பாதி வெல கேளும்மா. சிரிக்கப்பிடாது. சிரிச்சா தரமாட்டான்."

மதினி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அம்மா விடவில்லை. ஸ்டேஷன் பெயர்களை சண்டே ஸ்கூல் வசனம் போல விரல் மடக்கி ஒப்பித்தாள். "டோம்பிவிலி, திவா, மும்ரா... பெறவு?"

"கல்வா. அது கழிஞ்சா தானே. உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்? நான் கூடத்தானே வாறேன்."

"இருக்கட்டு. ஒருக்கா கூட செல்லு."

வண்டி வெள்ளிக்கிழமை என்றார்கள். வெள்ளறடையில் ரப்பர் தோட்ட வேலையை முடித்துக்கொண்டு வியாழக்கிழமை மதியம் வந்து சேர்ந்தேன். கதவில் பூட்டு தொங்கியது. பக்கத்து வீட்டு அக்கா சாவியோடு வந்தாள்.

"பசுவுக்கு வெள்ளம் வைக்கணும்னு உனக்க அம்ம செல்லிச்சு. உனக்கு லீவு கெடைக்கல்லியாமே?"

"நாளைக்குல்லா வண்டி?"

அவள் என் பையைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. "நேத்து காலத்தயே போயாச்சு மக்கா. மதினிக்க அண்ணனும் உண்டு, அஞ்சு பேரு." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நான் சொன்னேன்னு செல்லப்பிடாது. பையன் வீட்டுல ஜெயிலு பேச்சு வந்தா கல்யாணம் கலங்கும்னு உனக்க அண்ணன்தான்..."

"அம்ம?"

"நாள மாத்திச் செல்லச் சொன்னது அம்மதான். உனக்க மொகத்தப் பாத்து வேண்டாம்னு செல்ல பெலமில்லன்னு அழுதுச்சு."

அண்ணன் செய்ததை நான் பெரிதாக எடுக்கவில்லை. அவனிடமிருந்து வேறு எதையும் எதிர்பார்த்ததும் இல்லை. ஆனால் அந்த ஐந்து ஸ்டேஷன்களை அம்மா ஏன் அவ்வளவு பாடுபட்டுப் படித்தாள் என்று அப்போதுதான் தெரிந்தது. நான் இல்லாமல் போய்ச் சேர்வதற்கு. அதையும் நானே உட்கார்ந்து சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

பசு ஒரு தப்பும் செய்யவில்லை. புல் அறுத்துப் போட்டு, தண்ணீர் வைத்தேன். சாவியை அக்காவிடமே திருப்பிக் கொடுத்தேன். "எலே, எங்கேக்குப் போறே?" என்றாள். தெரிந்தால்தானே சொல்வதற்கு.

அமரவிளையில் ஒரு கடை வராந்தாவில் படுத்து, விடிந்ததும் செக்போஸ்ட் பக்கம் போனேன். லாரிகள் வரிசையாக நின்றன. டீக்கடைக்காரர் ஒற்றை ஆளாக ஓடிக்கொண்டிருந்தார். வேலை உண்டா என்று கேட்டேன்.

"நின்ன ஆளு காய்ச்சல்ல கெடக்கான். கிளாஸ் கழுவத் தெரியுமா?"

நேரே தொட்டிப் பக்கம் போனேன். ஐந்து கிளாசுக்குள் ஐந்து விரலையும் விட்டுத் தூக்கி, ஒரே முக்கில் அலசிக் கவிழ்த்தேன். மாதுங்காவில் கிளாஸை இப்படித்தான் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் முதலாளி திட்டுவார்.

அவர் திரும்பிப் பார்த்தார். "முன்ன எங்க நின்னே?"

"பம்பாயில. டீக்கடையில, நாலு வருசம்."

"ஆங். கையக் கண்டாலே தெரியுதே." அவர் மறுபடி பால் ஆற்றத் தொடங்கினார். "அந்த லாரிக்காரங்களுக்கு நாலு டீ கொண்டு குடு."

நான்கு கிளாஸையும் ஒரே கையில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்தேன்.