நூற்றுப் பதினாறாம் மூட்டை

கோடு போட்ட தாளிலும் என் எழுத்து மேடுபள்ளமாகத்தான் போகும். பிழைகளும் இருக்கும். நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். திருத்திப் படித்துக்கொள்ள வேண்டும். எண்களை மட்டும் ஒழுங்காகப் போடுவேன். அதுதான் என் வேலை. அதிலேயே ஒருமுறை தவறினேன்.

கம்பம்மெட்டில் ஓர் ஏலக்காய் ஸ்டோர். சுற்றியுள்ள தோட்டங்களின் காய் அங்கே வந்து உலர்ந்து, தரம் பிரிந்து, மூட்டையாகி, மலைக்குக் கீழே கம்பத்தில் வியாபாரியின் குடோனுக்குப் போகும். தைத்த மூட்டையின்மேல் நம்பர் அடிப்பது நான். பித்தளைச் சட்டம் ஒன்றில் இரண்டு கண்கள் இருக்கும். எண் வெட்டிய தகடுகளை அந்தக் கண்களில் செருகி, சாக்கின்மேல் அழுத்திப் பிடித்து, மைத்துணியால் ஒற்றுவேன். ஏழு என்றால் முன்னால் ஒரு சைபர் வைப்பேன். கண்ணைக் காலியாக விட்டால் கறுப்புக் கட்டமாகிவிடும்.

என் மனைவியும் அதே ஸ்டோரில் காய் பொறுக்கினாள். வேலை நேரத்தில் நாங்கள் பேசிக்கொள்வதில்லை. யாரும் தடுக்கவில்லை, எனக்குத்தான் கூச்சம். "உங்க வீட்டுக்காரரு சாக்கோட மட்டுந்தான் பேசுவாரா மதினி?" என்று ஒருத்தி கேட்டாள். "சாக்கு திருப்பிப் பேசாதுல்ல" என்றாள் என் மனைவி. எனக்கும் கேட்டது.

அவள் உட்காருவது வடக்கு ஜன்னலோரம். வெளிச்சம் நன்றாக விழும் அந்த இடத்தை நல்ல கண்ணும் கையும் உள்ளவர்களுக்குத்தான் கொடுப்பார்கள். முதல் தரப் பச்சைக் காய் பெரும்பாலும் அவள் முறத்தைத் தாண்டித்தான் மூட்டைக்குப் போகும். பதினொரு வருடம் உழைத்து வாங்கிய இடம்.

அதுவரை எந்த வருடமும் மூட்டை தொண்ணூறைத் தாண்டியதில்லை. அந்த வருடம் மழை நன்றாகப் பெய்து நூறு வந்துவிட்டது. என் சட்டத்தில் மூன்றாவது கண் இல்லை. நூறாவது மூட்டை இரண்டு சைபரோடு போயிற்று. நூறு தாண்டியதுதான் எல்லோருக்கும் தெரியுமே, முன்னால் உள்ள ஒன்றை விட்டால் என்ன என்று நினைத்தேன். நூற்றுப் பதினாறைப் பதினாறு என்று அடித்தேன். பழைய பதினாறு எப்போதோ கீழே போய்விட்டதால் ஸ்டோரில் யாருக்கும் குழப்பம் வரவில்லை. கீழே அது இன்னும் கிடக்கும் என்பது என் புத்திக்கு எட்டவில்லை.

பத்து நாள் கழித்து வியாபாரியின் கடிதம் வந்தது. ஸ்டோரில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் அதை எல்லோர் முன்னாலும் வாசித்தார். மாதிரி பார்க்கத் தேடிய நூற்றுப் பதினாறு பட்டியலில் முதல் தரம் என்று இருக்கிறது, குடோனில் அப்படி ஒரு மூட்டையே இல்லை, பதினாறுதான் இருக்கிறது, பிரித்தால் வெளிறிய, வெடித்த காய். அந்த மூட்டையைப் பொறுக்கியது யார் என்று ரைட்டர் புத்தகத்தைப் புரட்டினார். என் மனைவி. நாளையிலிருந்து ஜன்னலோரம் வேறொருத்தி உட்காரட்டும், நீ தூசி புடைக்கப் போ என்றார்.

அவள் முறத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை. செய்தது நான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாற்பது பேர் வேலை செய்த அந்த இடத்தில் அதுவரை நான் சத்தமாக ஒரு வார்த்தை பேசியதில்லை.

"காய் அவ பொறுக்குனதுதான் ரைட்டரய்யா. நம்பர் நான் அடிச்சது. சட்டத்துல எடமில்லன்னு முன்னால இருந்த ஒண்ண விட்டுட்டேன். கீழ ரெண்டு பதினாறு கெடக்கும், அவுக பிரிச்சது பழசு."

ரைட்டர் என்னையும் சட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "இம்புட்டுச் சத்தமா பேசத் தெரியுமாய்யா ஒனக்கு?" என்றார்.

மறுநாள் காலை ஜீப்பில் என்னையே கீழே அனுப்பினார். அடுக்கின் பின்பக்கம் இரண்டாவது பதினாறு இருந்தது. வியாபாரி பார்த்துக்கொண்டிருக்கத் தையலைப் பிரித்தேன். பச்சைப் பசேலென்று, ஒரே அளவாக, ஒன்றுகூட வெடிக்காத காய். கைவிட்டு அள்ளினேன். அவள் பொறுக்கிய காயை நான் அதுவரை பார்த்ததே இல்லை. என்னிடம் வரும்போது மூட்டையின் வாய் தைத்திருக்கும்.

விட்டுப்போன ஒன்றை எல்லா மூட்டையிலும் எழுதிவிட்டுத்தான் மேலே வந்தேன். வந்ததும் சட்டத்தைக் கழற்றிப் போட்டேன். இப்போது எண்ணுக்கு எத்தனை தகடு வேண்டுமோ அத்தனையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அடிக்கிறேன். இரு பக்கமும் ஒரு கோடு. எந்தக் குடோனில் யார் பார்த்தாலும் எண் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரிந்துவிடும்.

அவள் ஜன்னலோரத்துக்குத் திரும்பிவிட்டாள். அன்று சாயங்காலம் வீட்டுக்கு நடக்கையில், பிசகு என்னுடையது என்று உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். கடிதம் வாசிக்கும்போதே தெரிந்துவிட்டது என்றாள். பிறகு ஏன் சொல்லவில்லை என்றேன்.

"நாப்பது பேரு முன்னாடி உங்களத் தலகுனிய வைக்கவா? சன்னல் போனாப் போகுது."

அவள் காயைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. மூன்று வருடமாகியும் சொல்லவில்லை. அவளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். அதனால்தான் இவ்வளவும் எழுதினேன்: அந்தக் காய் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருந்தது.

1978, ஐப்பசி 10.