தள்ளுபடி வாங்காத அரிமளம்

சோப்பு விற்கிறவனுக்கு முதலாளிகள் இரண்டு பேர்: ஒருவர் மதராஸில் இருப்பார், இன்னொருவர் வானத்தில். கம்பெனிச் சம்பளத்துக்காக ஊர் ஊராக அலைந்து நொந்த அன்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நான் புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக்கு ஏஜெண்டாக வந்த வருஷம் வானத்து முதலாளி கண் திறக்கவில்லை. தஞ்சாவூர்ப் பக்கம் சோப்பு வழக்கம்போல் போனது. மழையையே நம்பிய எங்கள் பக்கம் படுத்துவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குப் பார்க்கும் கம்பெனி, இந்த முறையும் லாபம் இளைத்தால் புதுக்கோட்டை டிப்போவை மூடி என்னை வீட்டுக்கு அனுப்புவதாகச் சொல்லிவிட்டது. வீட்டில் மனைவி பிள்ளைத்தாச்சி.

அன்னவாசலில் ஒரு வாளித் தண்ணீர்

நான் காவிரிக்கரைக்காரன், தண்ணீரைக் கண்டால் இறங்கிவிடுவேன். சோப்பின் மகிமையைத் துவைத்துக் காட்ட, அழுக்குத் துண்டும் வாளியுமாக அன்னவாசல் ஊருணியில் கால் வைத்தேன். அது குடிக்கிற தண்ணீர், துவைப்பது கிடக்கட்டும், அதில் காலைக்கூட நனைக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. குடத்தோடு வந்த ஓர் அம்மாள் போட்ட சத்தத்தில் ஊரே கூடிவிட்டது. நான் வாளியோடு திருதிருவென்று விழித்ததைப் பார்த்து அவளுக்கே பாவமாகிவிட்டது. என்னைக் கரையேறச் சொல்லி, தன் குடத்தைச் சாய்த்து என் கையில் குடிக்கத் தண்ணீர் ஊற்றினாள்.

"சோப்பு நல்ல சோப்பாத்தான் இருக்கும் தம்பி. மொதல்ல நாங்க குடிச்சு மிஞ்சட்டுங்க, அப்பறம் வெளுக்கலாம்."

நாலு துண்டுக் காகிதம்

விற்பனையைத் தூக்கி நிறுத்த மதராஸில் ஒரு திட்டம் போட்டார்கள்: சோப்பின் மேலுறையைத் திருப்பிக் கொடுத்தால் அடுத்த சோப்புக்குத் தள்ளுபடி. அரிமளத்துக் கடைக்கார ராவுத்தர் சோப்பை நூலால் நாலாக அறுத்துத்தான் விற்பார். முழுசாக வாங்க அந்த வருஷம் யாராலும் முடியவில்லை. தள்ளுபடி என்றதும் மேலுறையையும் நாலாகக் கிழித்து ஆளுக்கொரு துண்டு கொடுத்துவிட்டார். கிழிந்த உறை செல்லாது என்றது கம்பெனி. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். அவரோ துண்டுகளைத் திரும்ப வாங்கி, சோற்றுப் பருக்கையால் ஒட்டி வெயிலில் காயவைத்தார். நானும் கெஞ்சிக் கூத்தாடி அவற்றைச் செல்லவைத்தேன். ஏன் கிழித்தீர்கள் என்று கேட்டதற்கு ராவுத்தர் சொன்னார்:

"நாலு வீட்டு அழுக்கு போயிருக்கு. காயிதத்த மட்டும் ஒரு வீட்டுக்குக் குடுத்தா ஞாயமாங்க?"

எறவாணத்தில் கிடக்கட்டும்

சோப்பு நகர்ந்தது. ஆனால் திரும்பி வந்த ஒவ்வொரு உறையும் எங்கள் வரவில் கழிந்தது. விற்றதையெல்லாம் தள்ளுபடியே தின்றுவிடும் போலிருக்கிறது என்று டிப்போ மேனேஜர் கையை விரித்தார். நான் அரிமளத்துக்குப் போய், வேலை போகப் போவதையும் வீட்டு நிலையையும் ராவுத்தரிடம் சொன்னேன்.

நாலு வீட்டுக்கு ஒன்றாக, ஒட்டிய உறைகளோடு கடைக்கு வந்த நாலைந்து பெண்கள் கேட்டுக்கொண்டு நின்றார்கள். நடவு இல்லாமல் கல் உடைக்கப் போய்க்கொண்டிருந்தவர்கள். அந்தத் தள்ளுபடி அவர்களுக்குச் சின்ன விஷயமில்லை. அவர்களில் அழகம்மை என்பவள், நீட்டிய உறையை மடக்கி மடியில் செருகிக்கொண்டு முழு விலைக்கே சோப்புக் கேட்டாள். மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். நான் தடுக்கப் பார்த்தேன், அழகம்மை விடவில்லை.

"ஒங்க கணக்கு முடியட்டும், மழையும் பெய்யட்டுங்க தம்பி. அதுவரைக்கும் இது எங்க வீட்டுக் கூரை எறவாணத்துல கெடக்கும். புள்ளத்தாச்சிய வச்சுக்கிட்டு வேல இல்லாம எங்கிட்டுப் போவீங்க?"

சேதி பரவி, கணக்கு முடியும்வரை அரிமளத்தில் ஒருவரும் உறையை நீட்டவில்லை. லாபம் மிஞ்சி டிப்போ பிழைத்தது. அந்த லாபம் தள்ளுபடி கொடுத்ததால் வந்தது என்று மதராஸில் விருந்தே வைத்தார்களாம். தள்ளுபடியை வாங்காமல் இருந்ததால் வந்தது என்று சொல்ல அரிமளத்திலிருந்து யாரும் போகவில்லை.